துண்டுக்குள்ளே விலை போன வீடு

வெள்ளச்சிபாளையம் மாட்டுச் சந்தையில் நாச்சிமுத்துவைத் தெரியாத மாடு கிடையாது. மனிதர்கள்தான் அவனைத் தெரியும் என்று சொல்லிக்கொள்ள வெட்கப்பட்டார்கள். அவனுக்கு அப்புக்குட்டி, சென்னியப்பன் என்று இரண்டு தம்பிகள். மூன்று பேருக்கும் சேர்த்து ஆண்டவன் ஒரே ஒரு மூளையைக் கொடுத்திருந்தால்கூட ஆளுக்குக் கொஞ்சம் பங்கு வந்திருக்கும். அதற்கும் அவனுக்கு மனசு வரவில்லை. அந்தக் குடும்பத்துக்கே யோசித்தது நாச்சிமுத்துவின் பெண்டாட்டி பாவாத்தாதான். சோறு போட்டதும் அவள்தான்.

குடியிருந்த வாடகை வீட்டை இடிக்கப் போவதாகச் சொல்லி வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லிவிட்டார். மழைக்காலம் வேறு வருகிறது. பாவாத்தா தவியாய்த் தவித்துத் தேடியதில் கிழக்குத் தெருவில் தெய்வசிகாமணி என்ற பெரியவரின் ஓட்டு வீடு விலைக்கு வருவது தெரிந்தது. நல்ல கிணறு, மாடு கட்ட இடம். பார்த்ததுமே அவள் மனசு அங்கே குடி போய்விட்டது. பால் ஊற்றிச் சேர்த்த காசோடு கழுத்தில் கிடப்பதையும் அடகு வைத்தால் பதினாலு லட்சம் தேறும். அந்த வீட்டை ஒட்டி அரிசி மில் வைத்திருக்கும் ஆறுச்சாமியும் அதன் மேல் கண் வைத்திருந்தார்.

நகையோடு பாங்குக்குப் புறப்படுமுன், அவள் மூவரையும் உட்கார வைத்துப் பாடம் நடத்தினாள்.

“வீடு பிடிச்சிருக்குன்னு மூஞ்சியில காட்டிராதீங்க. வீட்டுக்கு என்ன வயசுன்னு பாருங்க. ஏதாச்சும் குறை சொல்லுங்க, அப்பத்தான் விலை இறங்கும். விலையை வாய் விட்டுப் பேசாதீங்க, மில்காரர் காதுல விழுந்தா ஏத்தி விட்டுருவாரு. மூணு பேரும் சேர்ந்து பேசுங்க. நான் வந்து போதும்னு சொல்ற வரைக்கும் எதுக்கும் ஒத்துக்காம இழுத்துட்டே இருங்க. புரிஞ்சுதுங்களா?”

“இதென்ன பிரமாதம் அம்மிணி!” என்றான் நாச்சிமுத்து. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் ஒரு தடவைகூட அவனைப் பார்த்து ‘பரவால்லையே’ என்று சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்ல வைத்துவிட வேண்டும் என்று அவனுக்கு ஒரே வீறாப்பு.

மூவரும் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

“அண்ணா, எனக்கு வீடு இப்பவே பிடிச்சுப் போச்சு. மூஞ்சியில தெரியுதா?” என்றான் அப்புக்குட்டி.

“பல்லெல்லாம் தெரியுது. அழுதுரு.”

“நீங்களும் அழுதாத்தான் எனக்கு வரும்.”

நியாயம்தானே என்று மூவரும் ஓவென்று அழுதுகொண்டே உள்ளே போனார்கள். சென்னியப்பன் எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டான். அவன் மாரில் அடித்துக்கொண்டான். முற்றத்துக் கயிற்றுக் கட்டிலில் தெய்வசிகாமணி மத்தியானத் தூக்கத்தில் இருந்தார். இடி விழுந்தாலும் எழுந்திருக்காத தூக்கம். மூன்று தடியன்களும் கட்டிலைச் சுற்றி நின்று கதறினார்கள்.

மதில் வழியாக இதைப் பார்த்தார் ஆறுச்சாமி. கொஞ்ச நேரத்தில் ரோஜா மாலையோடு வந்து நின்றார். “தங்கமான மனுசன்! வீட்டை யாரு பேருக்கு எழுதி வெச்சுட்டுப் போனாரோ?” என்று கேட்டுக்கொண்டே மாலையைப் போட்டார்.

ஈர மாலை நெஞ்சில் பட்டதும் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். “இன்னும் என்ற பேர்லதான் இருக்குது ஆறுச்சாமி” என்றார். மில்காரர் போன வேகத்தில் ஒரு செருப்பை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அடுத்தது வயசு. மூவரும் ஓரமாகப் போய் ஆலோசனை நடத்தினார்கள்.

“மாடுன்னா பல்லைப் பார்க்கலாம். வீட்டுக்கு ஏதுடா பல்லு?” என்று கவலைப்பட்டான் நாச்சிமுத்து.

“பெரியவரு இதே வீட்டுலதான் பொறந்தாராம். அவரு பல்லைப் பார்த்தா வீட்டு வயசு தெரிஞ்சிராதா?” என்றான் சென்னியப்பன்.

இப்படி ஒரு தம்பியைப் பெற்றதற்கு நாச்சிமுத்து உள்ளுக்குள் பூரித்துப் போனான். இரண்டு பேர் பெரியவரின் தலையைப் பிடித்துக்கொள்ள, அவன் தாடையை விலக்கிப் பார்த்தான். போன மாசம்தான் அவர் புதுப் பல்செட் கட்டியிருந்தார்.

“அடேங்கப்பா, ஒண்ணுகூடத் தேயலை! வீடு புத்தம் புதுசு!” என்றான்.

“கையை எடுடா, கூறு கெட்டவனே!” என்று பெரியவர் கத்தினார்.

குறை சொல்லும் வேலை மிச்சம் இருந்தது. சுற்றிச் சுற்றி வந்தும் ஒரு குறையும் அகப்படவில்லை. சுவரில் விரிசல் இல்லை, கிணற்றில் தண்ணீர் தளும்பியது.

“குறை சொல்லாம அண்ணி மூஞ்சியில எப்படி முழிக்கிறது?” என்று அப்புக்குட்டி கண் கலங்கினான். அப்புறம் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறினான். நடுக்கூடத்துக்கு நேர் மேலே படபடவென்று ஓடுகளை நொறுக்கிவிட்டு, ஓட்டை வழியாகத் தலையை நீட்டினான்.

“அண்ணா! ஓடு உடைஞ்சிருக்குது!”

“பார்த்தீங்களா, வானம் தெரியுது. இதுக்குப் போயி எப்படிங்க முழு விலை கொடுக்கறது?” என்றான் நாச்சிமுத்து. பாவாத்தா மேல் இருந்த மரியாதைக்காகத்தான் பெரியவர் கையில் கிடைத்ததை எடுத்து எறியாமல் இருந்தார்.

கடைசியில் விலை. மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்கு அடியில் கையை விட்டு, எதிராளியின் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். நாச்சிமுத்து தோள் துண்டை உதறி விரித்தான். பத்து லட்சத்துக்கு மேல் விரலுக்கு ஒரு லட்சம் என்று சைகையிலேயே சொன்னான். பெரியவரும் தொலையட்டும் என்று கையை உள்ளே விட்டார். சேர்ந்துதான் பேச வேண்டும் என்பதால் அண்ணன் தம்பி மூவரும் கையை விட்டார்கள். துண்டுக்குள்ளே திருவிழாக் கூட்டம். பெரியவர் விரல் நசுங்கி, கையை உருவிக்கொண்டு, தலைவலிக்குக் காப்பி போட அடுப்படிக்குப் போய்விட்டார். மூவரும் கண்ணை மூடிக் கணக்கில் இருந்ததால் ஒருவனும் பார்க்கவில்லை.

நாச்சிமுத்து நாலு விரலைப் பிடித்தான். அது அப்புக்குட்டியின் கை. பெரியவர் பதினாலு கேட்கிறார் என்று நினைத்தான் அப்புக்குட்டி. எதற்கும் ஒத்துக்கொள்ளக் கூடாது என்பது அண்ணி உத்தரவாயிற்றே! உதறிவிட்டு அஞ்சு விரலாகப் பிடித்தான். அவன் பிடித்தது சென்னியப்பன் கையை. சென்னியப்பன் அதை உதறி அண்ணன் கையை வளைத்தான். கிழவன் லேசுப்பட்டவனில்லை என்று நாச்சிமுத்து பல்லைக் கடித்தான். ஒரு கை விரல் போதாமல் திரும்பத் திரும்பப் பிடித்ததில் பதினாறு ஆச்சு, பதினெட்டு ஆச்சு. ஒருத்தன் மணிக்கட்டை ஒருத்தன் முறுக்க, வேர்வை கொட்டியது.

பாவாத்தா பணப்பையோடு ஓடி வந்தபோது, பெரியவர் இரண்டு கையாலும் காப்பி டம்ளரைப் பிடித்துக்கொண்டு தூணில் சாய்ந்து நின்றார். எதிரே துண்டு துள்ளிக்கொண்டிருந்தது. அவள் அவர் கையைப் பார்த்தாள், துண்டைப் பார்த்தாள், ஓட்டை வழியாக வானத்தைப் பார்த்தாள். வீடு போச்சு, இந்த மூன்று ஜென்மங்களைக் கட்டிக்கொண்டு மழையில் தெருவில்தான் நிற்கப் போகிறோம் என்று அவளுக்கு அழுகை முட்டியது.

“மாமா, இதுகளை மன்னிச்சிருங்க. என்கிட்ட பதினாலுதான் இருக்குது.”

“பதினாறுக்கு ஆறுச்சாமி ஆள் விட்டிருந்தான் அம்மிணி” என்றார் பெரியவர். பெரியவர் மூலையில் கிடந்த மாலையைக் காட்டினார். “உசிரோட இருக்கறப்பவே எனக்கு மாலை போட்டவனுக்கா என்ற வீடு? பதினாலே குடு. ஓட்டை மட்டும் நீயே பார்த்துக்க.”

அவள் அப்படியே அவர் காலில் விழுந்தாள். பத்திரம் முடிந்து பெரியவர் மகளோடு ஈரோட்டுக்குப் போய்விட்டார்.

பால் காய்ச்சிய அன்றைக்கே மழை பிடித்துக்கொண்டது. நடுக்கூடத்தில் அருவியாய்க் கொட்டியது. ஓடு மாற்றச் சொல்லியிருந்த அண்ணன் தம்பிகளைத் தேடி பாவாத்தா ஓடி வந்தாள். ஓட்டைக்கு நேர் கீழே, தொப்பலாக நனைந்து, கைகளைத் துண்டுக்குள் விட்டபடி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அட கருமமே! வீட்டை வாங்கியாச்சுங்க! பெரியவர் பணத்தை வாங்கிட்டு ஊருக்கே போயிட்டாரு!”

“ஆளு போனா என்ன அம்மிணி, கை இன்னும் விடலையே!” என்றான் நாச்சிமுத்து. “இருபத்தொம்பதுல நிக்குது. இந்த நேரம் பார்த்து அந்த ஓட்டையை அடைச்சுத் தொலைச்சிராத, விலை ஏறிப்போயிரும்.”