நாற்பது லட்சம் மெயில் அழித்த விரல்

ஞானமுத்து மாமா பொய் சொல்வார் என்று யாராவது சொன்னால் எப்சிபாவின் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். கூடப் பிறந்த தம்பி ஆயிற்றே. உண்மை கொஞ்சம் ஒல்லியாக இருந்தால் அவன் சோறு போட்டுத் தேற்றிவிடுவான், அவ்வளவுதான் என்பாள். சாத்தான்குளத்தில் அந்த மாமாவின் ஜெராக்ஸ் கடையில்தான், மத்தியானம் மூன்றேகால் மணிக்கு, கடிகாரத்தைப் பார்த்தபடி எப்சிபா உட்கார்ந்திருந்தாள்.

மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. இன்டர்வியூவில் தேறிவிட்டாள். ஆனால் வேலைக்கான கடிதம் இரண்டு தடவை திரும்பிப் போய்விட்டது. மெயில் பெட்டியில் இடமே இல்லையாம். நாலு மணிக்குக் கடைசியாக ஒருமுறை அனுப்புவோம், அதுவும் திரும்பினால் வேலை அடுத்த ஆளுக்கு என்று போனில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

மாமா அவளுடைய மெயிலைக் கம்ப்யூட்டரில் திறந்தார். ஒரு பார்வை பார்த்தார். "பூ, இம்புட்டுதானா?" என்று மவுஸை விட்டுவிட்டு நாற்காலியைத் திருப்பிக்கொண்டார். எதிரே ரிட்டயரான போஸ்ட்மேன் அருளானந்தம், ஆதார் கார்டு ஜெராக்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்தார். மாமாவுக்குக் கேட்க ஒரு காது கிடைத்தால் போதும், கை வேலை செய்யாது.

"அண்ணாச்சி, போன வருசம் ஒரு பெரிய ஆபீசர் வந்தாரு. பெட்டியில நாப்பது லட்சம் மெயிலு. இந்த ஒத்த விரலால ஒரே நாள்ல அழிச்சேன். வெரல் பழுத்துச் செவந்துட்டு. வாளித் தண்ணில முக்குனா, தண்ணி கொதிக்குது! வீணாக்குவானேன்னு அதுலயே டீ போட்டு எல்லாருக்கும் குடுத்தேன்."

"நாப்பது வருசம் தபால் சொமந்தவன் நான்," என்றார் போஸ்ட்மேன். "நாப்பது லட்சத்த எண்ணிப் பாக்கவே ஒரு நாள் காணாது வேய்."

"எண்ணுனாத்தான நேரம் ஆவும்? நான் எண்ணவே இல்லியே!"

"மாமா, மணி மூணரை," என்றாள் எப்சிபா.

"இரு பிள்ளே. கேளும் அண்ணாச்சி, மெயிலு போவப்போவ அவரு போனுக்கு வெயிட்டு கொறையுது. கடைசி லட்சத்துல கையில நிக்கல, மேல கெளம்பிட்டு! கோயில் கோபுரத்துக்கு மேல போவுது, ஆபீசர் கீழ நின்னு அழுதாரு. நான் கொக்கி போட்டு இழுத்து, ஆட்டுக்கல்லுல கட்டி வச்சேன். இன்னைக்கும் அவரு வீட்டுல கல்லோடதான் போன் பேசுதாரு."

போஸ்ட்மேன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பொறவு?"

அந்த ஒரு 'பொறவு' போதாதா? மாமா எழுந்தே நின்றுவிட்டார். எப்சிபாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. இவரை நம்பினால் ஆஸ்பத்திரி வாசலைக்கூடப் பார்க்க முடியாது. காலியாகக் கிடந்த நாற்காலியில் தானே உட்கார்ந்தாள். துழாவித் துழாவி, பெரிய மெயில்களை மட்டும் காட்டும் இடத்தைக் கண்டுபிடித்தாள். மொத்தமாகக் குறி போட்டாள், அழித்தாள். குப்பைத் தொட்டியைக் காலி செய்தால்தான் இடம் கிடைக்கும் என்று ஒரு வரி வந்தது. அதையும் செய்தாள்.

மாமா அதற்குள் கடல் தாண்டிப் போயிருந்தார். "மெயில் கம்பெனி மொதலாளியே போன் போட்டான் அண்ணாச்சி! 'ஐயா, கொஞ்சம் நிறுத்தும். நீரு அழிச்ச அழிப்புல எங்களுக்கு எட்டு மாடிக் கட்டடம் காலியாக் கெடக்கு'ன்னான். பதறாதேன்னு சொல்லி, இங்கிருந்து உடங்குடிக் கருப்பட்டிய ஏத்தி விட்டேன். இப்பம் எட்டு மாடியும் கருப்பட்டி. ஒரு மாடியில மட்டும் எறும்பு."

"எறும்பு எந்த மாடியில?" என்றார் போஸ்ட்மேன், குறுக்கு விசாரணை வக்கீல் கணக்காக.

மாமா யோசிப்பதற்குள் கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. நாலு அடித்து இரண்டு நிமிஷம். மஸ்கட் கடிதம் வந்துவிட்டது. எப்சிபா தன் பெயரை இரண்டு தடவை வாசித்தாள். கண்ணில் தண்ணீர் கட்டி எழுத்து மங்கியது. சந்தோஷத்தில் மாமாவைக்கூட மன்னித்துவிட்டாள்.

"பாத்தீரா அண்ணாச்சி? நான் கதை சொன்ன வாக்குல பெட்டி காலியாயிட்டு!" என்றார் மாமா.

"எடத்த அடச்சுக்கிட்டுக் கெடந்தது என்னம்மா?" என்று போஸ்ட்மேன் அவளைக் கேட்டார்.

"மாமா புது வீடு குடிபோன பிரதிஷ்டை வீடியோ, அண்ணாச்சி. முழுசா மெயில்ல போவாதுன்னு துண்டு துண்டா வெட்டி அனுப்பியிருக்காவ. ஐநூத்தி எழுவது துண்டு."

அன்றைக்கு அந்தக் கடையில் சொல்லப்பட்டதில் அது ஒன்றுதான் கலப்படமில்லாத உண்மை. போஸ்ட்மேனோ, இதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய புளுகு என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மாமா முகம் வாடவில்லை. மலர்ந்தது. மவுஸை ஆசையோடு கையில் எடுத்தார். "அது ஜெபம் முடியிற வரைக்குந்தான் பிள்ளே. பிரியாணிப் பந்தி முழுசா பாக்கி இருக்கு. இப்பந்தான் எடம் கெடக்கே, அனுப்பிரட்டுமா?"

"அனுப்புங்க மாமா," என்றாள் எப்சிபா, கடிதத்தைப் பிரிண்ட் எடுத்து மடித்தபடி. "நான் மஸ்கட் போயி வேற மெயில் வச்சுக்கிடுதேன்."