முதியோர் சாலைக்கு விழுந்த அபராதம்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள், ஒரு ராஜா, ஆதரவற்ற முதியவர்கள் தங்கிச் சாப்பிட முதியோர் சாலை ஒன்றைக் கட்டினார். கட்டியதோடு சரி, அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பராமரிப்பு சரியில்லை என்று புகார் வந்தால் சாலைக்கு அபராதம் போடுவார். அதை யார் கட்டுவது என்று ஆளுக்கு ஆள் கையைக் காட்டவே, எரிச்சலில் ஓர் ஆணையும் போட்டார்: "அபராதம் கட்டுபவரே சாலைக்கு அதிகாரி. சபையில் அதிகாரியின் ஆசனம் அவருக்கே."

ஆசனத்துக்கு ஆசைப்பட்டு விருபாக்கர் என்பவர் முன்வந்தார். அபராதத்தைத் தவறாமல் கட்டினார், சாலையின் அரிசியை விற்று. ஒவ்வொரு அபராதத்துக்கும் கஞ்சி இன்னும் கொஞ்சம் நீர்த்தது.

அந்தச் சாலையில்தான் தில்லையம்மை கிடந்தாள். ராஜாவை வளர்த்த செவிலித்தாய். கஞ்சியைப் பற்றி அவள் வாய் திறந்ததில்லை. வாசலில் குதிரைச் சத்தம் கேட்டால் மட்டும் தலையை வாரி முடிந்துகொண்டு உட்காருவாள். குதிரை தாண்டிப் போய்விடும். "அவனுக்கு ஆயிரம் சோலி" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொள்வாள்.

விருபாக்கர் அரிசியை விற்று அபராதம் கட்டுவதை விகடகவி கூத்தபிரான் சபையில் சொன்னான். அவனைக் கண்டாலே விருபாக்கருக்கு ஆகாது.

"அரசே, அபராதம் அத்தனையும் கட்டியவன் நான். இல்லையென்று இவர் நாளைக்குள் நிரூபிக்கட்டும். முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போகட்டும்" என்றார்.

வேடிக்கை பார்க்கும் ஆசையில் ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

மறுநாள் விருபாக்கர் வந்தபோது, அவருடைய ஆசனத்தில் தில்லையம்மை உட்கார்ந்திருந்தாள்.

"யார் இந்த அம்மாள்?" என்றார் ராஜா. பசித்த நாளெல்லாம் தாங்கியவளுக்கு அந்தக் கேள்வி தாங்கவில்லை.

"சாலையின் அதிகாரி, அரசே" என்றான் கூத்தபிரான். "அபராதப் பணம் சாலை முதியவர்களின் கஞ்சி அரிசியை விற்று வந்தது. வாங்கிய வியாபாரி இதோ நிற்கிறார். கட்டியவருக்கே ஆசனம் என்பது தங்கள் ஆணை. ஆசனம் ஒன்றுதான் இருக்கிறது, அதனால் அவர்களில் மூத்தவரை உட்கார வைத்தேன்."

வியாபாரி ஆமாம் என்றதும் ராஜா வாய்விட்டுச் சிரித்தார். விற்ற அரிசி முழுவதையும் விருபாக்கர் தன் சொந்த நிலத்தை விற்று ஈடுகட்ட வேண்டும் என்று தீர்ப்பானது. விகடகவிக்கு முத்துமாலை கிடைத்தது.

"அதிகாரியம்மா, இனி அபராதம் போடுவது உங்கள் பொறுப்பு. முதலில் யாருக்கு?" என்று ராஜா விளையாட்டாகக் கேட்டார்.

"ஒனக்குத்தாண்டா ராசா."

அந்தக் குரலைக் கேட்டதும் ராஜாவின் சிரிப்பு நின்றது. யாரென்று தெரிந்துவிட்டது.

"எத்தன வருசமா ஒன் மொகத்தப் பாக்காமக் கெடக்கேன். வாராவாரம் வந்து எங்கிட்டத் தலையக் குடு. எண்ணெ தேச்சுவிடணும். அதான் அபராதம்."

ராஜா இறங்கி வந்தார். கிரீடத்தைக் கழற்றிவிட்டு அவள் மடியருகே குனிந்தார். "இன்றைக்கே கட்டிவிடுகிறேன், அம்மா."

அவள் கை அந்தத் தலையைத் தொட்டுவிட்டு, மனமில்லாமல் விலகியது. "இன்னைக்குச் செவ்வாக்கெழம. எண்ணெ ஆகாது. சனிக்கெழம வா."

கண்ணைத் துடைத்துக்கொண்டே ராஜா சபை அதிரச் சிரித்தார்.