மன்னரின் மீசையும் முந்நூறு தலைகளும்

“என் மீசை எங்கே?” என்றார் மன்னர் குலமாணிக்கர்.

செல்பேசியை நீட்டினார். நேற்றைய அரசவை உரை அதில் ஓடிக்கொண்டிருந்தது. மன்னர் இருக்க வேண்டிய இடத்தில் மசித்த சேனைக்கிழங்கு ஒன்று பேசிக்கொண்டிருந்தது.

ஒளிபரப்பைக் கவனிக்கும் சேந்தன் எட்டிப் பார்த்தான். “இருக்கிறது அரசே. அதோ, அந்தக் கறுப்புக் கட்டம்.”

“பிட்ரேட்டைக் கூட்டு என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன்,” என்றார் அமைச்சர் தாண்டவராயர். “நொடிக்கு இரண்டு மடங்கு தரவு அனுப்பினால் மீசை தானாக முளைக்கும்.”

“கூட்டினால் மலையூர்களில் படமே நகராது அமைச்சரே. அங்கே சிக்னல் அவ்வளவுதான். வட்டம்தான் சுற்றும்.”

“சாக்கு சொல்வதற்கா பதவி? என் மருமகனிடம் கொடுங்கள் அரசே, செய்து காட்டுவான்.”

மன்னர் கையை உயர்த்தினார். “இன்று உச்சிவேளையில் உரை. மீசை முடி முடியாகத் தெரிய வேண்டும். மலையூரில் ஒரு கணமும் படம் நிற்கக் கூடாது. இரண்டில் ஒன்று தவறினாலும், சேந்தா, நாளை முதல் உன் இடத்தில் அமைச்சரின் மருமகன்.”

அவையிலிருந்த முந்நூறு பேரும் தலையாட்டினார்கள். மன்னர் எதைச் சொன்னாலும் ஆட்டுவது அங்கே வழக்கம். தும்மினால்கூட ஆட்டுவார்கள்.

சேந்தன் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு சமையற்கட்டுக்குப் போய் நான்கு கூடை எலுமிச்சம்பழம் கேட்டான்.

உச்சிவேளையில் ஒவ்வொரு தலைப்பாகை மேலும் ஒரு பழம் இருந்தது.

“மன்னருக்குத் திருஷ்டி கழிக்கிறோம்,” என்றான் சேந்தன். “யார் பழம் விழுகிறதோ, கண் பட்டது அவரால்தான்.”

மன்னர் பேசத் தொடங்கினார். “நம் நாடு செழிக்கிறது!” யாரும் அசையவில்லை. “என்னைப் போல் உழைப்பவர் உண்டா?” முந்நூறு பேரும் கல்லாக உட்கார்ந்திருந்தார்கள். மன்னர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். வழக்கமாக ஒரு மணி நேரம் போகும் உரை நான்கு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

உடனே மலையூரிலிருந்து செய்தி வந்தது. சேந்தன் உரக்கப் படித்தான்: “படம் நிற்கவே இல்லை. மன்னருக்கு இடது மீசையில் இரண்டு நரை.”

“திருட்டுத்தனமாகப் பிட்ரேட்டைக் கூட்டிவிட்டான்!” என்று துள்ளி எழுந்தார் தாண்டவராயர். அவர் பழம் உருண்டு ஓடியது.

“அதைத் தொடவே இல்லை அரசே. அசையாத தூணை ஒருமுறை அனுப்பினால் வெகுநேரம் தாங்கும். அசைவதை நொடிக்கு நொடி புதிதாக அனுப்ப வேண்டும். இதுவரை அனுப்ப முடிந்த அளவையெல்லாம் படத்தில் ஆடிய முந்நூறு தலைகள் எடுத்துக்கொண்டன. மிச்சம் மீதியில் உங்கள் முகம் போயிற்று.”

“அப்படியானால் இத்தனை நாள் என் மக்கள் எதைத்தான் பார்த்தார்கள்?”

“உங்களுக்குப் போட்ட ஆமாம்களை.”

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். மோதிரத்தைக் கழற்றிச் சேந்தன் கையில் வைத்தார்.

அவை கலைந்தது. நாளைய உரை மன்னர் மடியில் தடியாகக் கிடந்தது. மேலே இருந்த இரண்டு தாள்களை வைத்துக்கொண்டு, மற்றவற்றை உருவி இருக்கைக்கு அடியில் செருகினார்.