கள்ளிமேட்டின் நான்காவது தெரு

மருதநகரை ஆண்ட விஜயபூபதி மகாராஜாவுக்கு அம்மா என்றால் உயிர். அந்த அம்மா, பெரியநாச்சியார், பிறந்த ஊர் கள்ளிமேடு. தலைநகரிலிருந்து மூன்று நாள் நடை. மழை அங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. பள்ளிக்கூடமும் கிடையாது. பெரியநாச்சியார் கல்யாணமாகி அரண்மனைக்கு வந்த பிறகுதான் எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு ஊர்க் கிணற்றடியில் ஒரு கல் நட்டு, உயிரெழுத்தும் மெய்யெழுத்தும் வெட்டி வைத்து, ஊராருக்கு ஒருமுறை வாசித்தும் காட்டினார். தண்ணீருக்கு வருகிறவர்களாவது பார்க்கட்டும் என்று.

அவர் காலமானதும் மகாராஜா ஒரு கொடை அறிவித்தார். வருஷந்தோறும் பரீட்சையில் தேறும் கள்ளிமேட்டுப் பிள்ளைகள் பத்துப் பேர் அரண்மனைக் கல்லூரியில் படிக்கலாம். சோறு, துணி, தங்க இடம் எல்லாம் பெரியநாச்சியார் பெயரில்.

மூன்று வருஷம் ஆயிற்று. ஒரு பிள்ளைகூட வரவில்லை.

கல்லூரியின் தலைமைப் புலவர் திருமேனிநாதர் சபையில் எழுந்தார். பெரிய படிப்பாளி, அதைவிடப் பெரிய சாப்பாட்டுப் பிரியர்.

"மன்னா, கள்ளிமேட்டுக்காரர்களுக்கு ஆடு போதும், ஏடு வேண்டாம். அந்தப் பத்து இடத்தையும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கே கொடுத்துவிடலாம். அம்மாவின் நினைவு நாளன்று ஓலையில் முத்திரை வைத்துவிடுங்கள்."

மகாராஜாவின் முகம் வாடிவிட்டது. "அம்மா ஊரில் ஒருவருக்குமா படிக்க ஆசையில்லை?" என்று மெல்லக் கேட்டார்.

சபையில் சாத்தப்பன் என்று ஒருவன் இருந்தான். அவனுக்கு என்ன வேலை என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவன் இல்லாவிட்டால் சபைக்குப் பொழுது போகாது.

"புலவரே, அவர்களைக் கூப்பிட்டீர்களா?" என்றான்.

"கூப்பிடாமல்? சட்டப்படி நான்கு தெருவில் தண்டோரா போட்டோம்."

"எந்த நான்கு தெரு?"

"அரண்மனையைச் சுற்றியுள்ள நான்கு தெரு. வழக்கம் அதுதானே. அவர்கள் காதில் விழாததற்கு நான் என்ன செய்ய?"

சாத்தப்பன் தலையை ஆட்டிக்கொண்டான். "நியாயம்தான். மன்னா, நினைவு நாளுக்கு இன்னும் இருபது நாள் இருக்கிறது. அன்றைய விருந்தை நான் நடத்துகிறேன். இதற்கும் அதே சட்டம். நான்கு தெருவில் தண்டோரா. கேட்டு வந்தவருக்கு இலை, வராதவருக்கு இல்லை."

மகாராஜா அம்மாவின் நினைப்பில் இருந்தார். "சரி" என்று சொல்லிவிட்டார்.

நினைவு நாளும் வந்தது. நெய் மணம் தெருக்கோடி வரை போயிற்று. திருமேனிநாதர் விருந்தை நம்பி முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே பச்சைத் தண்ணீர் தவிர எதையும் தொடவில்லை. அழைப்பு வரவில்லை. பொறுத்துப் பார்த்தார். வயிறு பொறுக்கவில்லை. முத்திரை வைக்க வேண்டிய ஓலையை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

மண்டபத்தில் முப்பது பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கால் வரை புழுதி. அவர்கள் முன்னால் வாழையிலை. புலவருக்கு இலை இல்லை.

"மன்னா, இது என்ன அவமானம்? என்னை யாரும் அழைக்கவில்லை."

"நான்கு தெருவில் தண்டோரா போட்டேனே" என்றான் சாத்தப்பன்.

"நான் குடியிருப்பதே அரண்மனைத் தெருவில்தான். ஒரு சத்தமும் கேட்கவில்லை."

"கள்ளிமேட்டில் போட்டேன், புலவரே. எந்த ஊர்த் தெரு என்று சட்டத்தில் இல்லையே. கிணற்றுத் தெரு, கோயில் தெரு, மேட்டுத் தெரு, அப்புறம் ஆடு போகிற தெரு. கேட்டவர்கள் வந்துவிட்டார்கள். உங்களைக் காணவில்லை. சரி, புலவருக்குப் பசியே கிடையாது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். இனி வருஷாவருஷம் உங்கள் இலையையும் இவர்களுக்கே போட்டுவிடலாம் என்று மன்னரிடம் கேட்கப்போகிறேன்."

மகாராஜாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு புலவரைப் பார்த்தார்.

புலவர் விடவில்லை. "இதுகள் சோற்றுக்காக வந்தவை, மன்னா. படிப்புக்காகவா வந்தன? நீங்களே கேளுங்கள்."

முன்வரிசையில் இருந்த வெள்ளச்சி என்ற பெண்ணை மகாராஜா அருகே அழைத்தார். பதினாறு வயதிருக்கும். "எதற்காக வந்தீர்கள், அம்மா?"

"பரீட்சைன்னு தண்டோரா போட்டாங்க, ஐயா. பெரியநாச்சியார் பேருல படிக்க வைக்கிறாங்க, வாங்கன்னாங்க. சோறு போடுவாங்கன்னு யாரும் சொல்லலைங்க. கிணத்துக் கல்லைப் பார்த்து எழுத்தெல்லாம் படிச்சுட்டோம். அதுக்கு மேல சொல்லித்தர ஆளில்லை." அவள் இலையைப் பார்த்தாள். "பரீட்சை முடியாம சாப்பிட்டா தப்பாயிடுமோன்னு யாரும் கை வைக்காம இருக்கோம்."

வெள்ளச்சி தன் மடியிலிருந்து ஒரு முடிச்சை அவிழ்த்தாள். வழிக்குக் கட்டி வந்த கேழ்வரகு அடையில் ஒன்று மிச்சம் இருந்தது.

"இந்தப் பெரியவர் வயிறுதாங்க ரொம்ப நேரமா சத்தம் போடுது. இதை அவருக்குக் கொடுக்கலாமா?"

மகாராஜா சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அந்தத் தண்ணீரில் பாதி சிரிப்பினால் வந்ததல்ல, அவர் அம்மா சுட்டுக் கொடுத்ததும் அதே அடைதான். புலவரின் அக்குளிலிருந்து ஓலையை உருவிக் கிழித்துப் போட்டார். சாப்பிட்டு முடித்ததும் பரீட்சை என்றார். இனித் தண்டோரா முதலில் கள்ளிமேட்டில்தான் என்றார்.

திருமேனிநாதர் அடையை வாங்கிக்கொண்டார். பசிக்கு முன்னால் கௌரவம் எத்தனை நேரம் நிற்கும்?

"சாத்தப்பா, உனக்கு என்ன பரிசு வேண்டும்?"

"மன்னா, முதலில் மன்னிப்பு வேண்டும். சபையில் பொய் சொல்லிவிட்டேன். கள்ளிமேட்டில் மூன்று தெருதான். நான்காவது வெறும் ஆட்டுத் தடம். அதில் ஒரு பள்ளிக்கூடம் கட்டிவிட்டீர்களானால் அதுவும் தெருவாகிவிடும், என் பொய்யும் மெய்யாகிவிடும்."

"கட்டிவிடலாம்" என்றார் மகாராஜா. "ஆனால் அவ்வளவு தூரம் போய்ச் சொல்லிக்கொடுக்க நல்ல படிப்பாளி ஒருவர் வேண்டுமே" என்று மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார்.

திருமேனிநாதரின் வாயில் அடை பாதியில் நின்றது.