இலவசமாகக் கிடைத்த குரல்கள்

“டீச்சர், எந்தக் குரலும் இவுகளுக்குப் பிடிக்கல.”

கோமதி வாசலிலேயே சொல்லிவிட்டாள். சபீனா இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

சபீனா அந்த ஊரில் கணினி வகுப்பு எடுப்பவள். கோமதி அவளுடைய மாணவி. ஆசிரியையைவிட நன்றாகவே மூத்தவள்.

உள்ளே, கணினி மேஜை முன் கோமதியின் கணவர் சண்முகவேல் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஒரு கைக்குட்டை. தொண்டை அறுவை சிகிச்சையோடு அவருடைய குரல் போய்விட்டது.

“எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?”

“நல்லா இருக்காங்க,” என்றாள் கோமதி.

சபீனா அவரைப் பார்த்துப் புன்னகைத்தாள். அவரும் புன்னகைத்தார்.

“இலவசமாவே நல்லது நல்லதா இருக்குன்னு வகுப்புல சொன்னீங்கல்லா. அதான் எல்லாத்தையும் இறக்கினேன். எழுதினதை வாசிச்சுக் காட்டுற மென்பொருள். ஒண்ணு செய்தி வாசிக்குது. ஒண்ணு என் பேரைக் கோமாட்டிங்குது. இன்னொண்ணு கொட்டாவி விடுற மாதிரி இழுக்குது.”

“ஏன் இத்தனை?”

“சும்மா கிடைக்குறதை எதுக்கு விடணும்?”

கணினியைப் போட்டார்கள். அது எழுந்து வருவதற்குள் கோமதி காபி போட்டுக் கொண்டுவந்தாள். சபீனா குடித்தும் முடித்தாள். திரையில் பெட்டி மேல் பெட்டியாகத் திறந்தது. வைரஸைத் துடைக்கட்டுமா என்றது ஒன்று. இலவசக் காலம் முடியப்போகிறது என்றது இன்னொன்று.

“தாள்ல எழுதிக் காட்டலாமே?”

“இவுக கையெழுத்து இவுகளுக்கே புரியாது.”

சண்முகவேல் ஒத்துக்கொள்வதுபோல் தலையசைத்தார்.

கோமதி குரலைத் தாழ்த்தினாள்.

“முதல்ல கையைக் காட்டிப் பேசினாங்க டீச்சர். இப்ப அதுவும் இல்ல. நாள் பூரா சுவரைப் பார்த்துக்கிட்டு இருக்காங்க. எனக்குப் பயமா இருக்கு. ஒரு நல்ல குரலாப் பார்த்துக் கொடுங்க. இவுக என்கிட்ட பேசினாப் போதும்.”

 சபீனா சண்முகவேலின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேஜை விளிம்பில் பத்து விரல்களும் அசைந்தன. நின்றன. மறுபடி அசைந்தன.

“அது என்ன?”

“அதுவா? வழக்கம். நான் பேசுறப்ப எல்லாம் இப்படித்தான் தட்டிக்கிட்டு இருப்பாங்க. தாலுகா ஆபீஸ்ல தமிழ் டைப்பிஸ்ட்டா இருந்தாங்கல்லா. கை சும்மா இருக்காது.”

“கணினியில தட்டுறதில்லையா?”

“தட்டிப் பார்த்தாங்க. தப்புத் தப்பா வந்தது. அம்மான்னு எழுத இங்கிலீஷ்ல ஏ, எம், எம், ஏன்னு தட்டணும்ல. அது வரல. வயசாயிட்டு.”

விரல்கள் நின்றன. சண்முகவேல் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

சபீனா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கோமதி இறக்கி வைத்திருந்த குரல்களை ஒவ்வொன்றாக நீக்கத் தொடங்கினாள்.

“அது நல்லாப் பேசும் டீச்சர்.”

நீக்கினாள்.

“அது பாட்டுகூடப் பாடும்.”

அதையும் நீக்கினாள். ஒரே ஒரு குரலை மட்டும் விட்டுவைத்தாள்.

பிறகு புதிதாக ஒன்றை இறக்கினாள். சின்னது. உடனே வந்துவிட்டது.

“இது என்ன குரல்?”

“இதுக்குக் குரல் கிடையாது அக்கா. பழைய தமிழ் டைப்ரைட்டர்ல எழுத்தெல்லாம் எங்கெங்க இருந்ததோ, இதுல அங்கங்க இருக்கும்.”

விசைப்பலகையை அவர் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்தாள்.

சண்முகவேல் விசைகளைப் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடியே தட்டினார்.

திரையில் ஒரு வரி வந்தது. கோமதி குனிந்து வாசித்தாள்.

“ரசத்தில் உப்பு அதிகம்.”

நிமிர்ந்தாள். “எந்த ரசம்?”

அவர் தட்டினார். அவள் வாசித்தாள்.

“செவ்வாய்க்கிழமை வைத்தது.”

“அதை இப்பவா சொல்லுறது?”

மறுபடி தட்டினார்.

“அன்றைக்கே சொன்னேன். மேஜையில்.”

 கோமதி மேஜை விளிம்பை மெல்லத் தொட்டுப் பார்த்தாள்.

சபீனா, மிச்சம் வைத்திருந்த மென்பொருளைத் திரையில் காட்டினாள்.

“அண்ணாச்சி, இந்தக் குரலையும் எடுத்துரட்டா?”

அவர் தட்டினார்.

“இருக்கட்டும். பால்காரரிடம் பேச உதவும்,” என்று கோமதி வாசித்தாள்.

அவள் முகம் வாடியது.

“அப்ப என்கிட்ட எப்பப் பேசுவீங்க?”

விரல்கள் ஓடின. அவள் திரையைப் பார்த்தாள்.

“பேசிக்கொண்டுதானே இருக்கிறேன்,” என்று கோமதி வாசித்தாள்.