சிவக்கொழுந்தின் முன்னுரை

விளக்கு வைத்த நேரம். மருதநல்லூர் மன்றத்தில் விநோதமாக ஒரு சத்தம். ஈர மரத்தை யாரோ அறுப்பதுபோல் இழுத்து இழுத்துக் கேட்டது. மாடத்தில் இருந்த அரசர் பதறிப்போய் வாளில் கை வைத்தார்.

பேசிக்கொண்டிருந்த சிவக்கொழுந்து மட்டும் அசரவில்லை. இருபது வருஷம் சட்டக் கல்லூரியில் பாடம் நடத்தியவருக்குக் குறட்டை புதிதா என்ன? இன்று குறட்டை விட்டவர் அமைச்சர் செவ்வந்திராயர், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிவக்கொழுந்து மன்ற உறுப்பினர் ஆனதே ஒரு கூத்து. தேர்தலில் அவர் நின்றபோது மாணவர்கள் கொளுத்தும் வெயிலில் வீடு வீடாக ஏறி வாக்குக் கேட்டார்கள். 'என்ன பாசம்!' என்று கண் கலங்கினார். ஜெயித்த அன்றே கல்லூரியில் பாயசம் காய்ச்சிக் கொண்டாடினார்கள் என்று தெரிந்ததும்தான் புத்தியில் உறைத்தது. அவரை வகுப்பிலிருந்து கிளப்ப, பாவம், பிள்ளைகளுக்கு வேறு வழி தெரியவில்லை!

இன்று அவருடைய தொகுதிக்கே ஆபத்து. தொகுதி வயல்களுக்குப் பாயும் அல்லியேரித் தண்ணீர் முழுவதையும் தன் மாந்தோப்புக்குத் திருப்ப அமைச்சர் மசோதா கொண்டுவந்திருந்தார். அவர் பக்கம் முப்பது பேர். ஏரியின் பக்கம் பன்னிரண்டே பேர்.

"வாத்தியாரே, ஏதாவது செய்யுங்க. நாத்து நட்டு நாலு நாள்தான் ஆகுது" என்று காலையிலேயே கெஞ்சினார் விவசாயி உறுப்பினர் மாயாண்டி.

"எனக்குத் தெரிஞ்சது பேசறது ஒண்ணுதான்யா. நம்ம ஆளுங்க யாரும் எழுந்து மட்டும் போயிடாதீங்க. தூக்கம் வந்தா உட்கார்ந்தே தூங்குங்க."

மன்றத்து வழக்கம் இது: கடைசியாகப் பேசுபவர் உட்கார்ந்ததும் கதவைத் தாழிடுவார்கள். அப்போது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் வாக்கு. இன்று கடைசிப் பேச்சு சிவக்கொழுந்துடையது.

அமைச்சர் திடுக்கென்று விழித்தார். "வாத்தியாரே! இன்னுமா முடியல?"

"முன்னுரையே இன்னும் முடியலையே, அமைச்சரே."

"மொத்தம் எத்தனை பகுதி?"

"பன்னிரண்டு பகுதிக்குத் தலைப்பு போட்டு வச்சிருக்கேன்" என்று ஓலைக்கட்டைத் தூக்கிக் காட்டினார் சிவக்கொழுந்து.

"அட கடவுளே! வாங்கய்யா, சாப்பிட்டுட்டு வரலாம். ஒரு தூக்கம் போட்டுட்டு வந்தாலும் இந்த மனுஷன் ரெண்டாம் பகுதியிலதான் நிப்பார்!"

முப்பது பேரும் அமைச்சர் பின்னால் கிளம்பினார்கள். கடைசி ஆள் வாசற்படியைத் தாண்டியதுதான் தாமதம்.

"ஆகவே, மசோதாவை எதிர்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு சிவக்கொழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அரசர் மாடத்திலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன ஓய், மீதிப் பதினோரு பகுதி?"

"என் முன்னுரையைத் தாண்டி இதுவரைக்கும் ஒருத்தரும் விழிச்சிருந்ததில்லை, அரசே. அதனால மீதியை நான் எழுதினதே இல்லை."

அரசர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பலே! என்ன பரிசு வேணும், கேளும்!"

வெளியே தடதடவென்று ஓடிவரும் காலடிகள் கேட்டன. "ஐயோ, உட்கார்ந்துட்டானாம்!" என்று அமைச்சர் அலறினார்.

"பரிசெல்லாம் வேண்டாம், அரசே. வழக்கப்படி நடந்தால் போதும்."

அரசர் தலையசைத்தார். காவலர் இருவர் கதவைச் சாத்தி, உள்ளிருந்து தாழிட்டார்கள்.