அஞ்சரை மணிக்குத் திறக்கும் கதவு

தூத்துக்குடிக்குத் தெற்கே, உப்பளங்கள் தொடங்கும் இடத்தில் நாற்பது வீடுகள். நாற்பது வீட்டுக்கும் சேர்த்து ஒரே அங்கன்வாடி. அதில் டீச்சர் ஜெபக்கனி.

அவரிடம் வேலை பழக வந்தவள் சண்முகவடிவு. கற்றுக்கொடுப்பவருக்கு வயது முப்பத்தாறு. கற்றுக்கொள்ள வந்தவளுக்கு முப்பத்தொன்பது. டவுனில் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் ஒன்பது வருஷம் எல்.கே.ஜி. எடுத்தவள் வடிவு. புருஷன் செத்த மறு வருஷம் பள்ளியையும் இழுத்து மூடிவிட்டார்கள். பக்கத்துக் குடியிருப்பில் புதிதாக ஒரு மையம் எழும்பிக்கொண்டிருந்தது. அது முடியும்வரை ஜெபக்கனியிடம் பழகு, முடிந்ததும் அது உனக்கு என்று அனுப்பியிருந்தார்கள். உப்பளக் குடியிருப்பிலேயே ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள்.

உப்பளத்துப் பெண்கள் விடியுமுன்னே வேலைக்குக் கிளம்பிவிடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் உப்புப் பாத்தியில் நிற்க முடியாது. அதனால் ஒன்பது மணிக்குத் திறக்கவேண்டிய மையத்தை டீச்சர் அஞ்சரைக்கே திறந்துவிடுவார். அதற்காக டவுனிலிருந்து ஏழு கிலோமீட்டர் ஸ்கூட்டரில் வருவார். பிள்ளைகள் அம்மா தோளில் தூங்கியபடியே வந்து, பாயில் இறங்கி, விட்ட தூக்கத்தைத் தொடரும்.

முதல் நாளே வடிவு கைதட்டிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்தாள். நர்சரியில் அவள் பாடினால் எதிர்வகுப்புப் பிள்ளைகள்கூட எட்டிப்பார்க்கும். இங்கே இரண்டாவது வரியிலேயே பிள்ளைகள் ஒவ்வொன்றாக எழுந்து போய் டீச்சர் மடியில் சாய்ந்துகொண்டன. ஒன்று முதுகில் ஏறியது. ஒன்று அவர் சேலை நுனியை வாயில் வைத்துச் சப்பியது.

"எப்படி டீச்சர் எல்லாம் உங்ககிட்டயே வந்து ஒட்டுது?" என்றாள் வடிவு. சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். உள்ளே சிரிப்பு இல்லை.

டீச்சர் ஈரத் துணி ஒன்றை எடுத்து நீட்டினார்.

"வரிசையா மூக்கைத் துடைச்சு விடுங்கக்கா."

கேட்டதற்கு இதுவா பதில் என்று வடிவுக்குச் சுருக்கென்றது. தனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தர மனசில்லை இவளுக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி பேச்சிதுர்கா. பேச்சி, பேச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று வயது முடிந்தும் வாயிலிருந்து ஒரு சொல் வரவில்லை. எடை ஒன்பது கிலோ இருநூறு. எடை அட்டையில் அவளுக்கான புள்ளி சிவப்புப் பட்டையில் கிடந்தது. சத்துமாவு உருண்டையோ முட்டையோ, டீச்சர் கையால் ஊட்டினால்தான் இறங்கும். வேறு யார் நீட்டினாலும் உதட்டை இறுக்கிக்கொள்வாள்.

இவளை என் பக்கம் இழுத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானே வரும் என்று கணக்குப் போட்டாள் வடிவு.

ரிப்பன் வாங்கினாள். பேச்சி தலையைக் காட்டினாள். பின்னி முடித்ததும் ஓடிப்போய் டீச்சரிடம் திரும்பி நின்று சடையைக் காட்டினாள். கண்ணாடி வளையல் வாங்கினாள். பேச்சி கையை நீட்டினாள். போட்டுவிட்டதும் டீச்சர் காதருகே போய் ஆட்டி, சத்தம் கேட்கச் செய்தாள். வாங்கிக்கொடுப்பது இவள், பூரித்துப்போவது அவர்.

ஒரு மத்தியானம், முட்டை உரித்துக்கொண்டிருந்த டீச்சரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு பேச்சி சொன்னாள்:

"டீச்ச, முட்ட."

டீச்சர் அவளை அள்ளித் தூக்கிச் சுற்றினார். பிள்ளைகள் என்ன ஏதென்று தெரியாமலே குதித்தன. வேலை முடிந்து வந்த பேச்சியின் அம்மா மாரிச்செல்வி சேதி கேட்டு, உப்புப் பூத்த காலோடு வாசலிலேயே உட்கார்ந்து அழுதாள்.

வடிவு பின்பக்கம் போய்ப் பாத்திரம் துலக்கினாள். ஏற்கெனவே துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரங்கள். 'ரிப்பன் என்னுடையது, வளையல் என்னுடையது, முதல் பேச்சு மட்டும் அவளுக்கா?' சோற்றுப்பானையின் அடிக்கரி அவள் நகக்கண்ணுக்குள் ஏறியது. அவள் நிறுத்தவில்லை.

மறுவாரம் மேற்பார்வையாளர் அம்மா வந்தார். டீச்சர் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுவது பற்றி யாரோ ஒரு தாயிடம் வெளியே பேசிக்கொண்டிருந்தார். மேற்பார்வையாளர் சும்மா கேட்டார்.

"என்ன வடிவு, வேலையெல்லாம் பழகியாச்சா?"

"பழகிட்டேன் மேடம். என்ன, அஞ்சரைக்கே திறந்திடுறாங்க, தூக்கம்தான் பத்தல."

போகிற போக்கில் சொன்னதுபோல் இருந்தது. போகிற போக்கில் சொல்லவில்லை என்பது வடிவுக்குத் தெரியும். அந்த வாக்கியத்தை முந்தின நாளே மனசுக்குள் நாலுதரம் சொல்லிப் பார்த்திருந்தாள்.

மேற்பார்வையாளர் டீச்சரை உள்ளே கூப்பிட்டார். "நேரத்துக்கு முந்தி ஒரு பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு ஜெபக்கனி பதில் சொல்றது? நாளையிலேர்ந்து ஒன்பது மணி. அதுக்கு முன்னால கதவு திறக்கக் கூடாது."

டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "சரி மேடம்" என்றார். வடிவின் பக்கம் திரும்பவே இல்லை.

இருபத்திரண்டு பிள்ளைகள் பதின்மூன்றாயின. சிலரை அம்மாக்கள் உப்பளத்துக்கே தூக்கிப்போனார்கள். சிலர் அண்ணன் அக்காவோடு தெருவில் நின்றார்கள். அம்மாக்கள் நேரத்தை மாற்றித் தரச்சொல்லி மனு எழுதி அனுப்பினார்கள். பதில் இல்லை. பேச்சி நாலு நாளாக வரவில்லை.

ஐந்தாம் நாள் டீச்சர் சொன்னார்: "போய்ப் பாத்துட்டு வாங்கக்கா."

மாரிச்செல்வி வீட்டுக் கதவு வெளியே கொக்கி போட்டிருந்தது. வடிவு கொக்கியைத் தள்ளித் திறந்தாள்.

பேச்சி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணுக்காலில் பழைய சேலைக் கிழிசல். மறுமுனை கட்டில் காலில். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கிண்ணத்தில் சோறு, எறும்பு மொய்த்திருந்தது. பிள்ளை அழவில்லை. கட்டோடு பழகிப்போன மாதிரி, நிமிர்ந்து வடிவைப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் வாசலையும் பார்த்தாள்.

"டீச்ச எங்க?"

அந்த நேரத்திலும் வடிவுக்குள் அது சுருக்கென்று குத்தியது. கட்டுண்டு கிடக்கிற பிள்ளை முன்னால் நின்றுகொண்டு, இப்போதும் டீச்சரைத்தான் கேட்கிறாளா என்று ஓடியது மனசு. அப்படி ஓடியதைக் கண்டு அவளுக்கே உடம்பு கூசியது. குனிந்து முடிச்சை அவிழ்த்தாள். இறுகிப்போன முடிச்சு. பல்லால் கடித்துத்தான் அவிழ்க்க முடிந்தது.

வேலை முடிந்து வந்த மாரிச்செல்வி கூசிப்போய் நின்றாள். "கட்டாமப் போனா பாத்திப் பக்கம் போயிருவாக்கா. போன மாசம் எங்க மதினி மவன் தண்ணிக்குள்ள விழுந்து, நல்லவேளை உசுரோட தூக்கிட்டோம். நான் வேற என்ன செய்ய?"

வடிவு மையத்துக்கு வந்தாள். டீச்சர் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

"மேடத்துக்கிட்ட சொன்னது நான்தான்."

"தெரியும்க்கா."

"எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. மேடமே சொன்னாங்க."

"பிறகு ஏன் என்னை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீங்க அழுவீங்க. இங்க அழுறதுக்கு ஏற்கெனவே பதிமூணு பேரு இருக்காங்க. எனக்கு ரெண்டு கைதான்."

வடிவு அழத்தான் செய்தாள். டீச்சர் அரிசியை உலையில் போட்டு மூடிவிட்டு வந்து கேட்டார்:

"உங்க வீட்டுல முன் அறை எவ்வளவு இருக்கும்?"

"பாய் விரிச்சா எட்டுப் பாய் விரிக்கலாம். ஏன்?"

"மையத்தைத்தான் திறக்கக் கூடாதுன்னாங்க."

அன்று சாயங்காலம் இருவரும் வீடு வீடாகப் போனார்கள். ஒவ்வொரு வாசலிலும் டீச்சர் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்: "காலையில அக்கா வீட்டுல விட்டுட்டுப் போங்க." வடிவும் ஒவ்வொரு வாசலிலும் ஒன்று சொன்னாள். கதவு ஏன் அடைபட்டது என்பதை. இரண்டு வீட்டில் ஏசினார்கள். மாரிச்செல்வி விருட்டென்று உள்ளே போய்விட்டாள். ஆனால் விடியுமுன் பேச்சியைத் தூக்கிக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றாள்.

"நீங்களும் காலையில வந்திருங்க டீச்சர்" என்று வடிவு கேட்டிருந்தாள்.

"நான் வந்தா எல்லாம் என் பின்னாலதான் நிக்கும். நான் ஒன்பது மணிக்கு வாரேன்."

எட்டு நாள் பேச்சி டீச்சரைக் கேட்டு அழுதாள். எட்டு நாளும் வடிவின் மனசு கசந்தது. ரிப்பனும் வளையலும் இப்போது உதவவில்லை. மூக்கைத் துடைத்தாள், நனைந்த ஜட்டியை மாற்றினாள், கொசு அடித்தாள், மறுபடி மூக்கைத் துடைத்தாள். ஒன்பதாம் நாள், அழுகிறாளா என்று பார்க்க நேரமில்லாமல் வேறொரு பிள்ளையின் வாந்தியை அள்ளிக்கொண்டிருந்தபோது, முதுகில் ஏதோ சாய்ந்தது. திரும்பினால் பேச்சி, அவள் முதுகில் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

வடிவு அசையவில்லை. கால் மரத்துப்போகும்வரை அப்படியே குந்தியிருந்தாள்.

இரண்டு மாதம் போயிற்று. பிள்ளைகள் மறுபடி இருபத்திரண்டு. ஒன்பது மணிக்கு வடிவு முன்னால் நடக்க, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு வரிசையாக மையத்துக்கு வந்தார்கள். பேச்சியின் எடை பத்து கிலோ நூறு. அட்டையில் புள்ளி சிவப்பை விட்டு மஞ்சளில் ஏறியிருந்தது. நாள் முழுக்கப் பேசினாள். நிறுத்தச் சொன்னாலும் நிறுத்தவில்லை.

அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு. வடிவு சாம்பார்சாதம் பரிமாறிக்கொண்டிருந்தாள். டீச்சர் வழக்கம்போல ஒரு கவளம் உருட்டிப் பேச்சியின் வாய்க்கருகே கொண்டுபோனார்.

பேச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நீ வேணாம். அத்த ஊட்டட்டும்" என்று வடிவைக் காட்டினாள்.

டீச்சரின் கை அப்படியே நின்றது. அவர் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. ஒரு கண்ணிமைப்புதான். வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. வடிவுக்குத் தெரிந்தது. அவள் முகத்தில் மாதக்கணக்கில் குடியிருந்த ஒன்றல்லவா அது.

டீச்சர் அந்தக் கவளத்தைப் பக்கத்துப் பிள்ளையின் வாயில் வைத்தார். வடிவு உட்கார்ந்து பேச்சிக்கு ஊட்டினாள். பேச்சி வாயைப் பெரிதாகத் திறந்து வாங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்து வடிவு மெதுவாகக் கேட்டாள்.

"டீச்சர், உங்களுக்குப் பொறாமையா இல்லையா?"

"வயிறு எரியுதுக்கா" என்றார் ஜெபக்கனி. "பிள்ளை தட்டு காலியா இருக்கு, இன்னொரு கரண்டி போடுங்க."